ஸ்கூல் லீவுல பார்த்துக்கலாம்

வேன் அக்கா "ஆறு மணி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஐந்து ஐம்பத்தெட்டு என்பார், இல்லாவிட்டால் ஆறு நான்கு. முழு மணியில் நேரம் சொல்கிறவர்கள் வேலை வெட்டி இல்லாதவர்கள் என்பது அவர் எண்ணம்.

கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். மஞ்சள் வேன், இருபத்திரண்டு பிள்ளைகள், காலையில் இரண்டு நடை, மத்தியானம் இரண்டு நடை. சொந்தமாகப் பிள்ளை கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது "எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டால், "இருபத்திரண்டு. ரெண்டு ட்ரிப்" என்பார். கேட்டவர்கள் அடுத்த கேள்விக்குப் போக மாட்டார்கள். அவருக்குப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கும் முக்கால்வாசிப் பெற்றோருக்கும் வேன் ஆன்டி, மற்றவர்களுக்கு வேன் அக்கா. நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வாசலிலும் நாற்பது விநாடி நிற்பார். ஹார்ன் அடிக்க மாட்டார். நாற்பது முடிந்தால் வேன் கிளம்பிவிடும். ஒருநாள் ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட்டார். வக்கீல் பிள்ளையைக் காரில் போட்டுக்கொண்டு பின்னாலேயே துரத்தி, பள்ளி வாசலில் வந்து பிடித்தார். கைலிதான் கட்டியிருந்தார்.

"என்ன ஆன்டி, ஒரு ஹார்ன் அடிச்சிருக்கலாம் லா."

"ஆறு முப்பத்தொண்ணு. நாப்பது செகண்ட் நின்னேன். உங்க வீட்டுல பாத்ரூம் லைட்டு மட்டும்தான் எரிஞ்சுது."

"ரெண்டு நிமிஷம்தானே ஆன்டி?"

"வீட்டுக்கு ரெண்டு நிமிஷம் நின்னா கடைசி வீட்டுப் புள்ள எத்தன மணிக்கு ஸ்கூலுக்குப் போவும்? நீங்க லாயர்தானே, நீங்களே சொல்லுங்க."

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை ஆறு இருபத்தைந்துக்கே வாசலில் நின்றது. பக்கத்தில் வக்கீலும் நின்றார்.

கல்யாணப் பத்திரிகையில் ஒன்பது மணி என்று போட்டிருந்தால் அக்கா எட்டு ஐம்பத்தைந்துக்கு மண்டபத்தில் இருப்பார். நம்மவர்கள் கல்யாணத்தில் ஒன்பது மணிக்கு நாற்காலி அடுக்குகிறவர்கள்தான் இருப்பார்கள். ஒருமுறை அவரோடு போயிருந்தேன். பத்து மணிவரை உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வரவில்லை. மாலை கட்டுகிறவரிடம் "நல்லா இருக்கட்டும்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வழியில் தோசை சாப்பிட்டோம்.

நான் அவரிடம் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவள் நான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். ஸ்ரீ கெம்பாங்கானில் ரொட்டி பொட்டலம் கட்டினேன். அது பிடிக்காமல் கிள்ளானுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்குமேல் இருந்ததில்லை. தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காலையில் சாலையோரம் நிற்கும்போது ஒரு மஞ்சள் வேன் தினமும் ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடந்து போகும். என் போனில் நேரம் தப்பாக ஓடுகிறது என்பதை அந்த வேனைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். மறுநாள் காலை அதே இடத்தில் நின்று வேனைக் கைகாட்டி நிறுத்தினேன்.

"நிக்க முடியாது. என்ன?"

"வேலை இருக்கா அக்கா?"

"கதவு திறந்து மூடத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏறு. ஏழு செகண்ட் போச்சு."

அன்றிலிருந்து வேனில் கதவு திறந்து மூடுவது என் வேலை. அவர் வீட்டுப் பின்னறையிலேயே தங்கிக்கொண்டேன். அவர் கணவர் பூச்சோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா. வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்கிக் காவல் காப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்குவார். அதிகம் பேசாத மனிதர். அக்கா அவரைப் பற்றிச் சொல்வதும் ஒன்றுதான்: "பஸ்ஸை விடமாட்டாரு."

நான் சேர்ந்த முதல் நாளே அந்தத் துண்டைப் பார்த்தேன். முகம் துடைக்கிற சின்ன வெள்ளைத் துண்டு. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியதும் அதை நான்காக மடித்து, வலது பக்க மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் செருகிக்கொள்வார். இறங்கும்போது எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்.

"எதுக்குக்கா துண்டு?"

"பெல்ட்டு உரசுது. தோள் வலி."

தோள் வலிக்குத் தோளில் அல்லவா துண்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பதிலாக, பாசாரில் ஒரு தைலப் புட்டி வாங்கிவந்தேன். சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார, நான் பின்னால் நின்று தோளில் தேய்ப்பேன். மாதக்கணக்கில் தேய்த்தேன். கை கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கினால் தட்டிவிடுவார். "அங்க இல்ல. மேல." நானும் மேலேயே தேய்த்தேன். தைலம் நல்ல தைலம்தான். என் முதுகுக்குக் கேட்டது.

கொஞ்ச நாளில் அவர் தன் சட்டைகளை விட்டுவிட்டுக் கணவருடைய பழைய சட்டைகளைப் போட ஆரம்பித்தார். "காத்தோட்டமா இருக்கு" என்றார். வேனின் சறுக்குக் கதவை முன்பு வலது கையால் இழுத்து மூடிக் காட்டியவர், பிறகு இடது கையால் இழுத்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படியெல்லாம் நடந்தால் என்னவாக இருக்கும் என்று தெரியாதவள் இல்லை நான். மருந்துக்கடைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் படத்தில் இருக்கும் பெண் யாரோ. அக்கா அக்காதான்.

வருடக் கடைசியில், பள்ளி மூட இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் பெரிய மழை. வேனின் சறுக்குக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. இருவரும் நனைந்துகொண்டே அதைத் தள்ளி, பிள்ளைகளை வீடுகளில் இறக்கி, வீட்டுக்கு வந்தபோது உடம்பில் சொட்டாத இடம் இல்லை. துணி எடுத்துக் கொடுக்க அவர் அறைக்குள் போனேன். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

வலது மார்பில் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பள்ளம்.

அவர் மறைக்கவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

"பார்த்துட்டியா?"

"ம்."

"சரி. ஸ்கூல் லீவுல பார்த்துக்கலாம்."

"வலிக்குதாக்கா?"

"வலிச்சா போகமாட்டேனா? வலிக்காததுக்கு என்னான்னு சொல்லிக்கிட்டுப் போறது?"

பிறகு, "யாருகிட்டயும் சொல்லாதே. வேன் ஓட்டுறவளுக்கு நோவுன்னு தெரிஞ்சா யாரு புள்ளையை ஏத்துவா? பக்கத்துத் தாமான்காரன் புது வேன் வாங்கி வச்சிக்கிட்டு நிக்கிறான்" என்றார். பக்கத்துக் குடியிருப்பில் வேன் ஓட்டுகிறவரைச் சொன்னார்.

பள்ளி லீவு வந்தது. லீவு என்றால் பிள்ளைகளுக்குத்தான் லீவு. வேனுக்கு இல்லை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்க ஒருவர் கேட்டிருந்தார். அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். "இது முடியட்டும். ஸ்கூல் திறந்தப்புறம் பகல்ல ரெண்டு மணி நேரம் கையில இருக்கும்." பள்ளி திறந்தது. புதுப் பிள்ளைகள் நான்கு பேர், புது வாசல்கள், புது வழி. "இதுங்க பழகட்டும்." தைப்பூசம் வந்தது. பத்துமலைக்கு மூன்று நடை ஆள் ஏற்றினோம். சீனப் பெருநாள் லீவில் கணவரின் தங்கை குடும்பம் வந்து ஐந்து நாள் தங்கியது. வீட்டில் ஆள் இருக்கும்போது எப்படிப் போவது என்றார். அவர்கள் போனார்கள். "இப்ப நடுவுல எதுக்கு? அடுத்த லீவுல."

ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. மறுத்துப் பேச என்னால் முடியவில்லை. அவர் எதையும் தள்ளிப்போடுகிறவர் இல்லை என்பது ஊருக்கே தெரியும் என்பதால், இதைத் தள்ளிப்போடுகிறார் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கணவரிடம் மட்டும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்காவை ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டணும் அண்ணே."

"அவளுக்குத் தெரியாதா? எல்லாம் டயத்துக்குச் செய்வா லா."

பேப்பரைத் திருப்பினார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருடமாக அந்த வீட்டில் சோறு, மருந்து, மின்சாரக் கட்டணம் எல்லாம் சரியான நேரத்தில் நடந்திருக்கிறது. அவர் அதை நம்பினார்.

பங்குனி மாதத்தில் அக்கா என்னைக் கேரி தீவுக்கு அழைத்துப் போனார். அங்கே செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் அன்று பூசை. அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. பூசை முடிந்து வேனில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். எதிரே மரங்களுக்கு அடியில் இரண்டு பெண்கள் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை.

"எங்கக்கா இங்கதான் பழம் பொறுக்குனா," என்றார். "என்னைவிட ஆறு வயசு மூத்தவ."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்துட்டா. இதே எடம்," என்று கட்டைவிரலால் தன் சட்டையைக் காட்டினார். "மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சிப் பத்துப் போட்டு வச்சிருந்தா. யாருக்கும் தெரியாது. கையில சுளுக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தா. வாடை அடிக்க ஆரம்பிச்சப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. நான்தான் சண்டை போட்டு இழுத்துக்கிட்டுப் போனேன், ஆஸ்பத்திரிக்கு. நாப்பத்தோரு நாள்."

"என்ன நாப்பத்தோரு நாள்?"

"சேர்த்த நாள்லேருந்து. நாப்பத்தோராம் நாள் போயிட்டா."

நான் பொங்கலைக் கீழே வைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அதுக்கு ஆஸ்பத்திரி என்னக்கா பண்ணும்?"

"நான் யாரையும் குத்தம் சொல்லல. நாள் சொல்றேன். போறதுக்கு மொத நாள்வரைக்கும் அவ பழம் பொறுக்கிக்கிட்டிருந்தா. மூட்டை தூக்குனா. போனா, படுத்தா, செத்தா. நான் இப்ப வேன் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

இலையை மடித்து வெளியே போட்டுவிட்டு, கை கழுவி, துண்டை நான்காக மடித்து மார்பில் செருகிக்கொண்டு, "மூணு பதினாலு. கிளம்பினா பாலத்துல நெரிசல் இருக்காது" என்றார். இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் இரண்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. மழை நாளிலிருந்து கணக்கிட்டால் ஆறு மாதம். ஏன் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை. சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. அறை அவருடையது, வேலை அவருடையது. அவருக்குக் கோபம் வந்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கிளம்புவது எனக்குப் புதிதில்லை, ஆனால் முதல்முறையாக ஓரிடத்தில் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தேன். அது போகட்டும்.

வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா அரசாங்க கிளினிக் ஒன்றில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தார். ஒருநாள் காலை ரத்தம் போலக் கறை படிந்த துண்டு வேன் இருக்கையில் கிடந்தது. அதைத் துவைத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் அந்த மிஸ்ஸி வீட்டுக்கு நடந்து போனேன். யாருக்கு என்று சொல்லாமல் சொன்னேன். அவருக்கு யாரென்று புரிந்துவிட்டது. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"நாளைக்கே வரச்சொல்லு. நான் இருப்பேன்."

"வரச்சொன்னா வரமாட்டாங்க மிஸ்ஸி. ஒரு நேரம் போட்டு எழுதிக் கொடுங்க."

"நேரம் எதுக்கு? காலையில வந்து நம்பர் எடுத்தாப் போதும்."

"இல்ல மிஸ்ஸி. நாள், மணி, நிமிஷம் எல்லாம் போட்டு அவங்க பேருல எழுதிக் கொடுங்க. அப்பத்தான் வருவாங்க."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். மறுநாள் கிளினிக்கில் முத்திரை குத்தி, சாயங்காலம் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. காலை நடைக்கும் மத்தியான நடைக்கும் நடுவில் விழுகிற நேரம்.

சீட்டை ஸ்டியரிங்குக்கு எதிரில், வேகம் காட்டும் முள்ளுக்கு மேலே சொருகி வைத்தேன். அக்கா ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்தார். படித்தார்.

"யாரு கேட்டு வாங்குனது?"

"நான்தான்."

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"இப்ப வரமாட்டேன்னு நான் போய்ச் சொல்லணும். அதுக்கும் ஒரு நடை போகணும். உனக்கு மூளை இருக்கா?"

அப்புறம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. கதவைத் திற, மூடு என்பதைக்கூடக் கண்ணாடி வழியாகக் கண்ணால் சொன்னார். போய்ச் சொல்லவும் இல்லை. சீட்டைக் கிழித்துப் போடவும் இல்லை. அது அதே இடத்தில் இருந்தது. தன் பெயருக்கு எதிரே எழுதிய ஒரு நேரத்தைத் தவறவிடுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கல்யாண மண்டபங்களில் நாற்காலி அடுக்குகிறவர்களோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார். அதனால்தான் இவ்வளவு நாளும் யாரிடமும் நேரம் கேட்காமலே இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒம்பது பதினாறுக்குக் கிளம்பினாத்தான் பார்க்கிங் கிடைக்கும்."

ஒன்பது முப்பத்தொன்றுக்கு கிளினிக்கில் இருந்தோம். வேனிலேயே ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒன்பது முப்பத்தெட்டுக்கு உள்ளே போய் சீட்டைக் கொடுத்தார். உள்ளே எழுபது பேர் இருந்தார்கள். ஒன்பது நாற்பது ஆனது. ஒன்பது ஐம்பது ஆனது. யாரும் கூப்பிடவில்லை. மிஸ்ஸி வந்து கையைப் பிடித்து, "கொஞ்சம் இருங்க ஆன்டி, டாக்டர் ஒரு கேஸ் பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து இருபதுக்கு அக்கா எழுந்தார்.

"எங்கக்கா?"

"ஒம்பது நாப்பதுன்னு சொன்னது அவங்க. நான் வந்துட்டேன். அவங்க வரல. என் பக்கம் முடிஞ்சுபோச்சு."

வாசலை நோக்கி நடந்தார். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கையைப் பிடித்து இழுத்தால் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார், அவ்வளவு பலம் அப்போதும் இருந்தது. கெஞ்சினால் நடக்காது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"அக்கா, நீங்க போனப்புறம் பேரைக் கூப்பிடுவாங்க. நீங்க இருக்கமாட்டீங்க. வரலன்னு எழுதிக்குவாங்க."

நின்றார்.

"நான் வந்தேனே."

"நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது. கூப்பிட்டாங்க, ஆள் இல்ல. அவ்வளவுதான் எழுதுவாங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த சீனப் பாட்டியிடம் மணி கேட்டார். சுவரிலேயே கடிகாரம் இருந்தது.

பதினொன்று ஐந்துக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது, தலைக்குத் துணி கட்டியிருந்தார். மலாயில்தான் பேச்சு. அக்காவைப் படுக்கவைத்துப் பார்த்தார். அக்குளில் விரல் வைத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"எப்போதிலிருந்து இருக்கிறது ஆன்டி?"

"ரெண்டு வாரமா."

வக்கீலிடம் விநாடிக்கணக்கு சொன்னவர். டாக்டர் எழுதாமல் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இரண்டு வாரத்தில் இப்படி ஆகாது. சரியாகச் சொன்னால்தான் எனக்கு உதவியாக இருக்கும். திட்ட மாட்டேன்."

அக்கா தரையைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் டாக்டர்."

அக்கா என் பக்கம் திரும்பினார். நான்கு நாளுக்குப் பிறகு முதல்முறையாக முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு என்ன தெரியும்? ஒரு வருஷத்துக்கு மேலயாம். சொன்னா ஒழுங்காச் சொல்லணும்." டாக்டரிடம் திரும்பி மலாயில் சொன்னார். "ஒரு வருஷம் நாலு மாசம் பதினோரு நாள். ஸ்கூல் திறந்த மூணாம் நாள். புதன்கிழமை. காலையில அஞ்சு மணி மூணு நிமிஷம், குளிக்கும்போது. கோலிக்குண்டு அளவு இருந்துச்சு."

டாக்டர் எழுதினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைலம் தேய்த்த எல்லா நாளும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது?"

"எங்கக்காவுக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்து நாப்பத்தோரு நாள்ல செத்துட்டா."

"அவர் எப்போது கட்டியை முதலில் பார்த்தார்?"

"தெரியாது."

"நீங்கள் கேட்கவில்லையா?"

"கேக்கல."

டாக்டர் கடிதம் எழுத ஆரம்பித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு, அவசரம் என்று போட்டு. அக்கா மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார் என்று தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. மார்பை எடுத்தார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மூன்று வருடமும் சில மாதமும் இருந்தார். அதில் ஒரு வருடம் வேன்கூட ஓட்டினார். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் இருந்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் யாரோ என்னிடம் சொன்னார்கள். நாள் கணக்கு எனக்குத் தெரியாது. அதெல்லாம் அவர்தான் எண்ணுவார்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி இல்லை. மருந்து ஏற்ற நாள் குறித்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. ஆறு மாதம் வேன் ஓட்ட முடியாது என்றாகிவிட்டது. பெற்றோருக்கு என்ன சொல்வது என்று பேச்சு வந்தது. முழங்கால் ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்றார் அவர் கணவர். தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றப் போகிறோம் என்று சொல்லலாம் என்றேன் நான்.

"எங்கக்கா சுளுக்குன்னு சொன்னா," என்றார் அக்கா. அதோடு பேச்சு முடிந்தது.

காலை எட்டு முப்பத்திரண்டுக்கு வேனில் கிளம்பினோம். பிள்ளைகள் இல்லாத வேன் கடகடவென்று சத்தம் போட்டது. வீட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டார். கேட்டுக்கு வெளியே நின்று, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "எனக்கு மார்ல கேன்சர். திங்கக்கிழமையிலேருந்து வேன் வராது. ஆறு மாசத்துக்கு வேற ஆள் பாத்துக்குங்க. பக்கத்துத் தாமான்காரன் நல்லாத்தான் ஓட்டுறான், ஆனா ஹார்ன் அடிப்பான்."

வக்கீல் தன் செருப்பைப் பார்த்தார். ஒரு அம்மா பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஒருவர் சொன்னார். "பரவியாச்சு. கத்தி இன்னும் படல," என்றார் அக்கா. ஒரு வீட்டில், பிள்ளைகள் இவ்வளவு நாள் அதே வேனில் உட்கார்ந்தார்களே, ஒன்றும் ஆகாதே என்று கேட்டார்கள். "ஒட்டாது. பெல்ட்டு போட்டிருந்தாங்கல்ல, போதும்."

பதினேழாவது வீடு ஒரு சின்ன மலிவுவிலை வீடு. பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற எட்டு வயதுப் பெண்ணின் அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அக்கா சொல்லி முடித்தார். அவள் பாவம் என்றோ சாமி இருக்கிறது என்றோ சொல்லவில்லை. தலையை ஆட்டினாள். நாங்கள் வேனுக்குத் திரும்பினோம்.

"ஆன்டி."

அக்கா திரும்பினார். அவள் கேட்டுக்கு அருகில் வந்திருந்தாள். கையில் ஒரு பள்ளிச் சட்டை, இன்னும் காயப்போடாதது. வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு ஆன்டி. சின்னதுதான். வலியெல்லாம் இல்ல."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

நான் வேன் கதவைத் திறந்து பிடித்திருந்தேன். இன்னும் ஐந்து வீடு பாக்கி. மூன்று நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. அக்கா நகரவில்லை. அந்தப் பெண் சட்டையைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த சட்டை, தண்ணீர் வரவில்லை.

"தீபாவளிக்கு முன்னாடியிலேருந்து," என்றாள்.

"எந்தத் தீபாவளி?" என்று கேட்டார் அக்கா.